காதால் செய்யும் தொழில்

கண்ணுக்கு இமை வைத்த இறைவன் காதுக்கு ஏனோ வைக்கவில்லை. நாம் உறங்கும்போதும் அது திறந்தே கிடக்கிறது. விடுதி மாணவிகளை விடியற்காலையில் எழுப்புவது விளக்கின் வெளிச்சமன்று, மணியின் ஓசைதான் என்பதை அனைவரும் அறிவோம். இருந்தும், ஓசையை ஆக்குவதையும் அமைப்பதையும் ஒருவர் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளலாம் என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை.

சென்ற ஆண்டு பெற்றோர் கூட்டத்தன்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை நம்மிடம் வந்தார். "டீச்சர், இவ வீட்டுல எந்நேரமும் காதுல எதையோ மாட்டிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கா. என்னன்னு கேட்டா, சவுண்ட் டிசைன் படிக்கப் போறேங்கிறா. கல்யாண வீட்டுல மைக் செட் போடுற வேலைக்கா நான் இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைக்கிறேன்?" என்றார். மகள் தலைகுனிந்து நின்றாள். அன்று நம்மிடம் தக்க விடை இல்லை. "விசாரித்துச் சொல்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவைத்தோம். அதன்பின் அந்தப் பெண் கேட்டுவந்தவற்றையே நாமும் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினோம். அந்தத் தந்தைக்கு அன்று சொல்லாமல் விட்ட விடையே இக்கட்டுரை.

அவள் கேட்டது பாட்டு அன்று, பாட்காஸ்ட். தமிழில் வலையொலி என்கிறார்கள். வானொலி நிகழ்ச்சி போன்றதே இது. ஆனால் வானொலியில் எட்டு மணி நாடகத்தை எட்டு மணிக்குத்தான் கேட்க முடியும். வலையொலியை இணையத்திலிருந்து இறக்கி, வேண்டியபோது கேட்கலாம், நிறுத்தலாம், மீண்டும் கேட்கலாம். ஆப்பிள் நிறுவனம் 2001-இல் ஐபாட் என்னும் சிறு பாட்டுக் கருவியை வெளியிட்டது. பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் 2004-ஆம் ஆண்டு கார்டியன் நாளிதழில், ஐபாட் என்ற சொல்லையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பிணைத்துப் பாட்காஸ்ட் என்று எழுதினார். ஐபாட் தயாரிப்பு 2022-இல் நின்றுவிட்டது. கருவி போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஒலித்தொழிலைப் பற்றியே பேசும் வலையொலிகள் பல உண்டு. அவற்றுள் அந்த மாணவி விரும்பிக் கேட்பது, அமெரிக்காவைச் சேர்ந்த டாலஸ் டெய்லர் 2016 முதல் நடத்திவரும் 'ட்வென்ட்டி தவுசண்ட் ஹெர்ட்ஸ்'. இருபதாயிரம் ஹெர்ட்ஸ் என்ற பெயருக்குப் பொருள் உண்டு. ஒரு பொருள் ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறதோ அதையே ஹெர்ட்ஸ் என்ற அலகால் குறிக்கிறோம். மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை குறைந்துகொண்டே வரும். ஆகவே மாணவிகளுக்குக் கேட்கும் மெல்லிய கீச்சொலி ஆசிரியைகள் சிலருக்குக் கேளாது. இதை அறிந்துகொண்டு யாரும் வகுப்பில் சோதனை செய்து பார்க்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம்.

நாம் கேட்டும் கவனியாமல் விட்ட ஓசைகளின் பிறப்பை இந்நிகழ்ச்சி ஆராய்கிறது. வீட்டில் நெட்ஃபிளிக்ஸ் படம் தொடங்கும்போது 'டு-டும்' என்று ஓர் ஓசை கேட்கிறதல்லவா? அதை உருவாக்கியவர் லான் பெண்டர் என்ற ஒலிக்கலைஞர். தம் திருமண மோதிரத்தால் படுக்கையருகே இருந்த மர அலமாரியைத் தட்டிய ஓசையும் அதனுள் கலந்திருக்கிறது. அதன் முடிவில் ஓர் ஆடு கத்துவதைச் சேர்க்கலாமா என்றுகூட யோசித்தார்களாம். நல்ல வேளை, சேர்க்கவில்லை. மூன்று நொடி ஓசைக்கு இத்தனை ஆலோசனையா என்று நாமும் முதலில் சிரித்தோம். பிறகு யோசித்தால், நம் பள்ளி மணியின் ஓசையை உலகத்தின் எந்த மூலையில் கேட்டாலும் நம் பழைய மாணவி ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள் என்று தோன்றியது. நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்க விரும்புவதும் அதைத்தானே?

திரைப்படத்திற்கு வருவோம். திரையில் ஒருத்தி படியேறி வருகிறாள். கொலுசு ஒலிக்கிறது, புடவை சரசரக்கிறது, கதவு கிறீச்சிடுகிறது. இவை படப்பிடிப்பின்போது பதிவானவை என்றே நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அவ்வாறில்லை. படப்பிடிப்பில் ஒலிவாங்கி, பேசுபவரின் வாயை நோக்கியே இருக்கும். மற்ற ஓசைகளையெல்லாம் பின்னர் ஒரு கூடத்தில், திரையில் படத்தை ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே ஒருவர் தம் காலாலும் கையாலும் செய்து சேர்க்கிறார். இவ்வேலைக்கு ஃபோலி என்று பெயர். ஹாலிவுட்டில் யுனிவர்சல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜாக் ஃபோலி என்பவரின் பெயரே தொழிலுக்கும் பெயராகிவிட்டது. பேசும்படம் புதிதாக வந்த 1929-ஆம் ஆண்டளவில் அவர் தொடங்கிய முறை, கணிப்பொறிக் காலத்திலும் மாறவில்லை. பனியில் நடக்கும் ஓசைக்குத் தோல் பையில் சோளமாவை நிரப்பிப் பிசைகிறார்கள். எலும்பு முறியும் ஓசைக்குச் செலரித் தண்டை ஒடிக்கிறார்கள். பறவை சிறகடிக்க வேண்டுமானால் ஒரு ஜோடித் தோல் கையுறையை உதறினால் போதும். குதிரைக் குளம்புக்குத் தேங்காய்ச் சிரட்டை என்பது நம் ஆண்டுவிழா நாடகங்களில் நடித்த மாணவிகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தகரத்தை ஆட்டி இடி முழக்கியவர்களும் அவர்களே.

உலகில் இல்லாத பொருளுக்கு ஓசை வேண்டுமென்றால் வேலை இன்னும் கடினம். 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒளியாலான வாள் வருகிறது. அது எப்படி ஒலிக்கும்? பென் பர்ட் என்ற இளைஞர், பழைய படவீழ்த்தி ஒன்றின் மோட்டார் முனகலையும் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிவாங்கியைக் கொண்டுபோகும்போது எழும் இரைச்சலையும் கலந்தார். வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பியைச் சுத்தியலால் தட்டித் துப்பாக்கி ஓசையைப் பெற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து 'அபோகாலிப்ஸ் நௌ' படத்தில் வால்ட்டர் மர்ச் என்பவரின் பணியைக் குறிக்க, ஒலி வடிவமைப்பு என்ற சொல் திரையில் இடம்பெற்றது. அந்தப் பெண் தன் தந்தையிடம் சொன்ன சொல் இதுதான்.

இத்தொழிலில் நம்மை மிகவும் வியக்க வைத்தது ஓசையன்று, மௌனம். ஒவ்வோர் இடத்திலும் பதிவு முடிந்ததும், அனைவரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, ஒன்றுமில்லாத மௌனத்தை அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பதிவு செய்வார்கள். இதை ரூம் டோன் என்பார்கள். எதற்கு? பேச்சின் நடுவே ஓர் இருமலை வெட்டி எடுத்துவிட்டால் அங்கே ஓட்டை விழும். அதில் வெறுமையை வைத்தால், ஏதோ பழுதாகிவிட்டது போல் காது திடுக்கிடும். அந்த அறையின் மௌனத்தையே எடுத்து ஒட்ட வேண்டும். ஆலயத்தின் மௌனம் வேறு, வேதியியல் ஆய்வகத்தின் மௌனம் வேறு. ஒன்றில் உயர்ந்த கூரையும் தொலைவில் காக்கையும் உண்டு. மற்றதில் மின்விசிறியும் சொட்டும் குழாயும். ஐயமுள்ளவர்கள் இரண்டு இடத்திலும் கண்மூடி நின்று பார்க்கலாம்.

இனி, பெண்பிள்ளைக்கு இது ஏற்றதா என்ற கேள்வி. இதற்கு விடையாக ஒரு பெண்ணின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

டெலியா டெர்பிஷயர் 1937-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஓர் உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்தார். 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் அந்நகரைக் குண்டு வீசித் தரைமட்டமாக்கியபோது அவருக்கு மூன்று வயது. அபாயச் சங்கின் ஊளையும், பின்னர் பிரெஸ்டன் நகரில் காலையில் ஆலைக்குச் செல்லும் தொழிலாளரின் மரச்செருப்புகள் கல்தெருவில் எழுப்பிய ஓசையுமே தம் காதைத் திறந்தன என்று பிற்காலத்தில் அவர் சொன்னார். படிப்பில் கெட்டிக்காரி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கர்ட்டன் பெண்கள் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்து, கணிதமும் இசையும் பயின்று 1959-இல் பட்டம் பெற்றார். பல்கலைக்கழக வேலைவாய்ப்பு அலுவலகத்தில், ஒலி, இசை, ஒலியியல் ஆகியவற்றில் தமக்கு ஈடுபாடு என்று சொன்னார். காது கேளாதோர் கருவி செய்யும் வேலைக்கோ, கடலின் ஆழம் அளக்கும் வேலைக்கோ போகலாம் என்றார்கள்! டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தை அணுகியபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். நம் மாணவியின் தந்தை தயங்கியதையாவது அன்பு என்று எடுத்துக்கொள்ளலாம்; இதை என்னவென்பது?

சிறிது காலம் ஜெனீவாவில் பிள்ளைகளுக்குப் பியானோ கற்பித்தார். கோவென்ட்ரியில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாகவும் இருந்தார். 1960-இல் பி.பி.சி. வானொலியில் பயிற்சியாளராகச் சேர்ந்து, 1962-இல் அதன் ரேடியோஃபானிக் ஒர்க்ஷாப் என்ற பிரிவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு சென்றார். நாடகங்களுக்குப் புதுவகை ஓசைகளை உருவாக்குவதற்காக 1958-இல் லண்டன் மெய்டா வேல் கலையகத்தில் தொடங்கப்பட்ட பிரிவு அது. அதைத் தோற்றுவித்த இருவருள் ஒருவரும் பெண்ணே. டாஃப்னி ஓரம் என்பது அவர் பெயர். போர்க்காலத்தில், இசைக்கல்லூரியில் கிடைத்த இடத்தையும் வேண்டாமென்று பி.பி.சி.க்கு வந்தவர் அவர். நேரடி இசை நிகழ்ச்சி குண்டுவீச்சால் தடைப்பட்டால் கேட்போருக்குத் தெரியாமல் இசைத்தட்டை அதே இடத்திலிருந்து தொடரச் செய்வதற்காக, நிகழ்ச்சியோடு இசைத்தட்டையும் ஓட்டிக்கொண்டு காத்திருப்பது அவருடைய இளமைக்கால வேலைகளுள் ஒன்று.

1963-இல் 'டாக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு ரான் கிரைனர் என்பவர் ஒரு மெட்டு எழுதினார். ஒரே ஒரு தாளில் அடங்கிய மெட்டு. இங்கே காற்று, அங்கே மேகம் என்பது போன்ற சில குறிப்புகள். அதை ஓசையாக்கும் பொறுப்பு டெலியாவிடம் வந்தது. அப்போது அங்கே மின்னிசைக் கருவியோ கணிப்பொறியோ இல்லை. பல ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் பதியும் கருவியும் இல்லை. அவரிடம் இருந்தவை, கருவிகளைச் சோதிக்கப் பயன்படும் அலையியற்றிகள், ஒரு கம்பி, ஒலிநாடா, சவரக் கத்தி.

ஒலிநாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடும். ஆகவே அரை நொடி நீளமுள்ள ஒரு சுரம் ஏழரை அங்குல நாடா. கம்பியை ஒருமுறை மீட்டிப் பதிந்தார். நாடாவை வேகமாக ஓட்டினால் சுரம் உயரும், மெதுவாக ஓட்டினால் தாழும். இப்படி ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே பெற்று, அளவுகோலால் அளந்து, கத்தியால் வெட்டி, ஒட்டுத்தாளால் இணைத்தார். மெட்டு முழுவதும் இவ்வாறு அங்குலம் அங்குலமாகத் தைக்கப்பட்டது. தையல் வகுப்பில் நேர்த்தியாகத் தையலிடும் மாணவிகளுக்கு இப்பொறுமையின் அருமை விளங்கும். கேம்பிரிட்ஜில் படித்த கணிதமும் இங்கேதான் கைகொடுத்தது. தாழ்சுரத்துக்கு ஒரு நாடா, மெட்டுக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று என்று ஆக்கி, எல்லாக் கருவிகளையும் ஒரே நொடியில் கையால் இயக்கிக் கலந்தார்கள். எங்கோ ஓரிடத்தில் ஒத்துவரவில்லை. பிழை எங்கே? உதவியாளர் டிக் மில்ஸும் அவரும் நாடாக்களை மெய்டா வேல் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்தில் அருகருகே விரித்து, நடந்துகொண்டே ஒட்டுக்களை ஒப்பிட்டுப் பார்த்துப் பிழையைப் பிடித்தார்களாம்.

கேட்ட கிரைனர், "இதை நானா எழுதினேன்?" என்று வியந்தார். "பெரும்பகுதி நீங்கள் எழுதியதுதான்" என்றார் டெலியா. இசையமைப்பில் அவர் பெயரையும் சேர்க்க வேண்டுமென்று கிரைனரே விரும்பினார். பணியாளர்களின் பெயரைத் தனித்துக் குறிப்பிடுவதில்லை என்ற அலுவலக வழக்கம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1963 நவம்பர் 23 அன்று தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அந்த இசை வீடுதோறும் ஒலித்தது. அவர் பெயர் திரையில் வரவில்லை. 2001-இல் அவர் இறந்தார். வீட்டின் பரண்மேலிருந்து 267 ஒலிநாடாக்கள் கண்டெடுக்கப்பட்டு, பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பாக வைக்கப்பட்டன. தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில், 2013-இல், முதன்முறையாக அவர் பெயர் திரையில் தோன்றியது. பார்க்க அவர் இல்லை. ஆண்டு மலரில் தன் பெயர் அச்சாகவில்லை என்று அழுத சிறுமிகளை நாம் கண்டிருக்கிறோம். ஐம்பது ஆண்டுகள் என்பது நீண்ட காலம்.

அவருக்குப் பின் நிலைமை மெல்ல மாறியது. 'தி ரிவர்' என்ற 1984-ஆம் ஆண்டுப் படத்தின் ஒலித்தொகுப்புக்காகக் கே ரோஸ் ஆஸ்கர் விருது பெற்றார். அத்துறையில் அவ்விருது பெற்ற முதல் பெண் அவரே. 2019-இல் 'பொஹீமியன் ராப்சொடி' படத்திற்காக நீனா ஹார்ட்ஸ்டோன் தம் கூட்டாளியுடன் அவ்விருதைப் பெற்றார். இருந்தும் ஒலிப்பதிவுக் கூடங்களில் பெண்கள் இன்றும் சிலரே.

இங்கே மைக் செட்டுக்கு வருவோம். அந்தத் தந்தை அதை இழிவாகச் சொன்னார்; நமக்கு அதில் உடன்பாடில்லை. பந்தலில் மைக் 'கூ' என்று ஊளையிடுவதைக் கேட்டிருக்கிறோம். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை மறுபடியும் ஒலிவாங்கிக்குள் புகுந்து, பெருகி, மீண்டும் வெளிவந்து, மீண்டும் புகுவதால் வருவது அது. ஒலிபெருக்கியை எங்கே நிறுத்துவது, எந்தச் சுருதியைக் குறைப்பது என்று அறிந்தவர் ஒரு நொடியில் அதை அடக்கிவிடுவார். கேரி கீஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி பல்லாண்டுகளாகச் செய்துவருவது, பெரிய அளவில், இந்த வேலையைத்தான். பேர்ல் ஜாம் என்ற புகழ்பெற்ற ராக் இசைக்குழுவினர் மேடையில் தங்கள் பாட்டைத் தாங்களே கேட்கும்படி ஒலியமைப்பவர் அவர். இத்துறையிலுள்ள பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் பொருட்டு, தம்மைப் போன்ற இன்னொருவருடன் சேர்ந்து 2013-இல் சவுண்ட்கேர்ள்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவ்வமைப்பும் ஒரு வலையொலி நடத்துகிறது. மேடையிலும் கூடத்திலும் வேலை செய்யும் பெண்கள் தங்கள் தொடக்க நாள்களைப் பற்றி அதில் பேசுகிறார்கள். ஒலிக்கலைஞர்களைப் பேட்டி காணும் 'டோன்பெண்டர்ஸ்' என்ற வலையொலியும் நன்று. ஆனால் கருவிகளின் விலைப்பட்டியலையே மணிக்கணக்கில் வாசிக்கும் நிகழ்ச்சிகளும் உண்டு. அவற்றைக் கேட்டு மாணவிகள் தந்தையாரிடம் விலையுயர்ந்த ஒலிவாங்கி கேட்டு அடம்பிடிக்கக் கூடாது. பெரிய கலைஞர்களே கையிலுள்ள தொலைபேசியால் பதிவு செய்து பழகுங்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

வலையொலி கேட்பதால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. முறையாகப் பயில வேண்டும். புனேயிலுள்ள இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியில் பட்டப்படிப்புக்குப் பின் ஒலிப்பதிவும் ஒலி வடிவமைப்பும் கற்பிக்கப்படுகின்றன. கல்கத்தாவில் சத்யஜித் ரே பெயரிலுள்ள கல்லூரியிலும், நம் சென்னைத் தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலுள்ள அரசுக் கல்லூரியிலும் ஒலித்துறை உண்டு. புனேயில் சேர்வதற்கு மேல்நிலை வகுப்பில் இயற்பியல் பயின்றிருக்க வேண்டுமென்று கேட்பது வழக்கம். இயற்பியலைக் கண்டு ஓடும் மாணவிகள் கவனிக்க. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்திலுள்ள விளக்குப்பாறை என்ற சிற்றூரில் பிறந்த ரசூல் பூக்குட்டி புனேயில் படித்தவர். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிக்கலவைக்காக 2009-இல் இருவருடன் சேர்ந்து ஆஸ்கர் விருது பெற்றார். பின்னர் தமிழில் 'எந்திரன்' படத்திற்கும் ஒலி வடிவமைத்தார். திரைப்படம் மட்டுமன்று, வானொலி, விளம்பரம், ஒலிநூல், கணிப்பொறி விளையாட்டு, வலையொலி என்று இவ்வேலைக்கு இடங்கள் பல.

பெற்றோர் அறிய வேண்டியவற்றையும் மறைக்க விரும்பவில்லை. பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. படத்துக்குப் படம் வேலை. வெளியீட்டு நாள் நெருங்கினால் இரவு பகல் பாராமல் உழைக்க வேண்டும். வீடு திரும்பும் நேரம், பாதுகாப்பு ஆகியவை பற்றிப் பெண்ணைப் பெற்றவர்கள் கேள்வி கேட்பதில் தவறில்லை. கேட்டுத் தெளிவு பெற்ற பின் அனுப்பலாம். காதையும் காக்க வேண்டும். 80 டெசிபல் அளவு ஓசையை வாரத்தில் 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரமே என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உட்செவியின் நுண்மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. காதில் மாட்டிய கருவியின் ஓசை அடுத்த இருக்கையில் இருப்பவருக்குக் கேட்டால் அளவு மிஞ்சிவிட்டது என்று கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் இவ்வாண்டுப் பெற்றோர் கூட்டத்தில் அந்தத் தந்தையிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "இயற்பியல் மார்க் எவ்வளவு?" என்று மகளைக் கேட்டார். அவள் சொன்ன எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. "முதல்ல அதை ஏத்து, பிறகு பார்க்கலாம்" என்றார். மறுப்பு அன்று என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

சென்ற வாரம் அவள் அனுமதி பெற்று, தன் அம்மாவின் தொலைபேசியுடன் நம் வகுப்புக்கு வந்தாள். பள்ளியின் ஒலிகளையெல்லாம் சேர்க்கிறாளாம்: மணி, பம்பு செட், மதிய உணவுக்கூடத்தின் தட்டுகள், மாலை ஜெபத்தின் முணுமுணுப்பு. நம் வகுப்பின் மௌனமும் வேண்டுமென்றாள். நாற்பத்திரண்டு பேரும் ஒரு நிமிடம் அசையாமல் நின்றோம். மின்விசிறி சுழன்றது, வெளியே வேப்பமரத்தில் அணில் ஒன்று கத்தியது. ஐம்பதாவது நொடியில் கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவள் கோபிக்கவில்லை. "டீச்சர், இன்னொரு தடவை" என்றாள். மீண்டும் நின்றோம்.